இரண்டாம் ஆராதனையில் கைகள்

ஒன்பதரை மணி ஆராதனை.
திருப்பூர், ஊத்துக்குளி ரோட்டுச் சபை.
வலப்பக்கம் முதல் இரண்டு பெஞ்சு
காது கேளாதவர்களுக்கு. பதினோரு பேர்.
ஓவர்லாக் இரைச்சலுக்கு நடுவில்
நிம்மதியாய் வேலை பார்க்கிற பதினோரு பேர்.
எதிரே நான்,
பூப்போடாத ஒற்றை நிறச் சேலையில்.
கை தனியாய்த் தெரிய வேண்டுமே.

இன்றைய பாடம்
வேதத்தின் நடுவே கிடக்கும் அந்தக் காதல் பாட்டு.
பதினான்கு வருஷமாய் இந்தப் பீடத்தில்
யாரும் திறக்காத பக்கம்.
புதுப் போதகர், நாசரேத் பக்கத்துத் தமிழ்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்:
"பிள்ளைகளே, இதில் சரீரம் இல்லை."

இதை நான் எதை வைத்துச் சொல்ல?
தோளிலிருந்து இடுப்புவரை
இரண்டு கையாலும் வழித்துக் காட்டி
இல்லையென்று விரித்தேன்.
வழித்த இடமெல்லாம்
சரீரம் இருந்தது.

மூக்குத்தி இடத்தைத் தொட்டால் பெண்.
மீசையை நீவினால் ஆண்.
உள்ளங்கையில் ஆணி தொட்டால் ஆண்டவர்.
விரல் கூட்டிக் கூரை வேய்ந்தால் சபை.
மணவாட்டி என்றால் சபை என்றார்,
மூக்கிலிருந்து கூரைக்குப் போனேன்.
நேசரை மனுஷனென்று எண்ணாதீர்கள் என்றார்,
மீசையிலிருந்து ஆணிக்குப் போனேன்.
முத்தம் என்பது கிருபை என்றார்.
உதட்டிலிருந்து எடுத்த விரலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தேன்.

பிறகு, பக்கத்தைச் சட்டென்று திருப்பி,
அவளுடைய இரண்டு கொங்கையும்
இரண்டு உடன்படிக்கை என்றார், பழையது, புதியது.
மைக்கில் அந்தச் சொல் லேசாக இடறியது.
பெண்கள் பக்கம் முந்தானைகள் நகர்ந்தன.
எனக்கு, அகராதியில் அதற்கு மேலே நிற்கும்
கொங்கு ஞாபகம் வந்தது:
தேன், பூந்தாது, வாசனை.
நொய்யல் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாலும்
நம் சீமைக்குப் பேர் அதுதானே.
சொல்லுக்குச் சொல் அப்படி நழுவிக்கொள்ளலாம்.
கைக்குப் போக்கிடம் இல்லை.
மார்புக்குத்தான் போக வேண்டும்.
போனது.
மூப்பர்கள் ஆறு பேர் பார்க்க
என் நாற்பத்தாறு வயதுச் சரீரத்தைச் சுட்டி
புத்தகம் ஒன்று, புத்தகம் இரண்டு என்றேன்.

இரண்டாம் பெஞ்சில் ஓபேத் முகம் சுளித்தான்.
சாயப்பட்டறைக்காரன்,
மணிக்கட்டுவரை நீலம்.
புத்தகமா? என்று மனைவியைக் கேட்டான்.
தொற்காள் பாட்டுப் புத்தகத்தை மடியில் சாய்த்து
அதன் மறைவில், குட்டிக் குட்டியாய்ச் சொன்னாள்:
புதன்கிழமை ராத்திரி.
கரண்டு போச்சு. உன் கை தெரியவில்லை.
நீ சொல்ல வந்ததை என் முதுகில் சொன்னாய்.
அதுதான் இது.

நான் பார்த்திருக்கக் கூடாது.
யார் கை அசைந்தாலும்
கண் அங்கே போய்விடுகிற தொழில்.

ஓபேத் தலை குனிந்தான்.
அந்தக் காது ஒரு சத்தத்துக்கும் அசையாதது,
செக்கச் செவேலென்று ஆனது.
பெஞ்சு மறைவில் நீலக் கை போய்
அவள் முழங்கை மடிப்பில் ஒரு சொல் எழுதியது.
அது என் பக்கம் திரும்பவில்லை,
வாசிக்கவில்லை.

போதகர் நிறுத்தினார்.
"அங்க என்னம்மா? என்ன சொல்றாங்க?"
முந்நூறு கழுத்து என் பக்கம் திரும்பியது.
"ஆமென்னுங்க, ஐயா."
அவருக்கு முகம் மலர்ந்தது.
"பார்த்தீர்களா, கேளாதவர்களே கேட்கிறார்கள்"
என்று அடுத்த அதிகாரத்துக்குப் போனார்.
அங்கே மாதுளை வந்தது. அதற்கும் ஒரு பொருள் வைத்திருந்தார்.

அன்று இரவு
பாயை உதறிப் போட்டு, முழங்காலிட்டு,
பீடத்துக்கு முன்னால் பொய் சொன்னேனா என்று
கேட்கப் பார்த்தேன்.
கை கூப்பியிருந்தது.
கூப்பிய கைக்குப் பேச வராது.

விரித்தேன்.